மூன்றாவது சத்தம்

3-2-86, திங்கள்

பனி. எட்டு மணி வரை எதிரே சில்வர் ஓக் வரிசை தெரியவில்லை. வேட்டி மூன்று, போர்வை ஒன்று துவைத்துப் போட்டாயிற்று. காயாது.

அவர் காப்பிக் களத்தில் விழுந்து இன்றோடு ஐம்பத்தெட்டு நாள். வலது கை, வலது கால், பேச்சு. மூன்றும் ஒரே நாளில் போயிற்று. சேலத்து டாக்டர் போன வாரம் சொன்னது: "காது நல்லாக் கேக்குது. புத்தியும் தெளிவா இருக்கு. வார்த்தைதான் வரலை. அவருக்குப் பிடிச்சதா எடுத்துத் தினமும் பேசுங்கம்மா. பேர் சொல்லிச் சொல்லிக் காட்டுங்க."

பிடித்தது என்ன என்று யோசிக்க வேண்டியதில்லை. பறவை. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை போக மிச்சப் பொழுதெல்லாம் அதற்குத்தான் போனது. ஞாயிற்றுக்கிழமை காலை டீ குடித்ததும் பைனாகுலரோடு காட்டுக்குள் போனால், மதியச் சோறு ஆறிய பிறகுதான் வருவார்.

அலமாரி மேலிருந்து நோட்டை எடுத்தேன். கணக்கு எழுதுகிற நீள நோட்டு, கறுப்பு அட்டை. முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் நான் தொட்டதில்லை. பயம் இல்லை, வீம்பு.

முதல் பக்கத்தில் தனக்குத்தானே சட்டம் எழுதி வைத்திருக்கிறார்: "உருவம், சத்தம், இடம், நேரம். நான்கும் பொருந்தினால் மையில் பேர் எழுது. ஒன்று குறைந்தாலும் பென்சில்."

தினம் ஐந்து பறவை. மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்வதைப் போலச் சொல்லிப் பார்க்கலாம்.

5-2-86, புதன்

வெயில். பள்ளிக்கு முன் அரை மணி, பின் ஒரு மணி. நாற்காலியை ஜன்னலோரம் போட்டு உட்கார வைத்தேன்.

இதுவரை நான் கற்றவற்றில் சில:

செம்மீசைச் சின்னான். கறுப்புக் கொண்டை, கன்னத்தில் சிவப்புப் பொட்டு, வாலடியில் சிவப்பு. காப்பிச் செடியிலும் கூரையோரமும். இதைத் தினமும் பார்த்திருக்கிறேன். பேர் உண்டு என்று தெரியாது.

தவிட்டுக்குருவி. தவிட்டு நிறம். ஏழெட்டு சேர்ந்து தரையில். சத்தம், குழாயடிச் சண்டை. (இது என் சேர்க்கை.)

மாம்பழச்சிட்டு. மஞ்சளும் பச்சையும், சிறகில் இரண்டு வெள்ளைக் கோடு. மரத்தின் இலைக்குள் ஒளிந்திருக்கும். நீள விசில், கடைசியில் சட்டென்று இறங்கும்.

செம்மார்புக் குக்குறுவான். பச்சை. கண்ணைச் சுற்றி மஞ்சள், நெற்றியில் சிவப்பு. ஆலமரத்தில் உச்சிக்கிளை. "டொக், டொக், டொக்" என்று பாத்திரம் தட்டுவது. இத்தனை நாள் பக்கத்து எஸ்டேட்டில் தகரம் அடிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

பலா மரத்தடியிலிருந்து "கூப், கூப், கூப்" என்று ஆழமாகக் கேட்டது. "ஆந்தை," என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பக்கத்தைப் புரட்டினேன். "செம்போத்து." இடது கை ஆள்காட்டி விரல் மேலே எழுந்தது. சரி!

ஆக, தப்பென்றால் சுவர், சரியென்றால் விரல். அறுபது நாளில் எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு இதுதான். சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

ஆனால் இது பறவைக்கு மட்டும். "பசிக்குதுங்களா", "வலிக்குதுங்களா" என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி தலையை ஆட்டுகிறார். அவருக்கே அது தெரிந்து எரிச்சல் வருகிறது.

7-2-86, வெள்ளி

பறவையைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியும் என்றால் இவரை ஏன் முடியாது? ஒரு பக்கம் ஒதுக்கினேன். அவர் சட்டப்படியே.

ஒன்று. "ம்." சின்னது, மூக்கால். சாப்பிடும்போதும் துடைத்துவிடும்போதும். போதும் அல்லது சரி.

இரண்டு. "த்தா." நாக்கை அண்ணத்தில் தட்டி. தண்ணீர். சில சமயம் ஈ.

மூன்று. "ஏ… ஊம்." நீளம். முன்பாதி ஏறும், பின்பாதி இறங்கும். கொஞ்சம் நிறுத்தி மறுபடி. என்னவென்று தெரியவில்லை. பென்சில்.

மற்ற இரண்டுக்கும் கையில் ஏதோ கொடுத்தால் முடிந்தது. மூன்றாவதற்கு என்ன கொடுத்தாலும் தட்டிவிடுகிறார் என்று காளியம்மா சொல்கிறாள். நான் பள்ளியில் இருக்கும் நேரம் அவரைப் பார்த்துக்கொள்பவள் அவள். மேலே கிராமத்திலிருந்து நடந்து வருகிறாள். இடுப்பில் வெற்றிலைப் பை, வாயில் எப்போதும் ஏதாவது பேச்சு.

9-2-86, ஞாயிறு

மகன் தங்கராசு சேலத்திலிருந்து வந்தான். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு இன்று லீவு. ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், ஒரு புதுச் சட்டை.

அவன் சொல்வது நியாயம்தான். சேலத்தில் வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறார்கள். மலையில் ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை வாதம் வந்தால் ராத்திரி எந்த வண்டியைத் தேடுவது? எனக்கோ பென்ஷனுக்குப் பதினான்கு மாதம். இரண்டு டீச்சர் பள்ளி. நான் ஹெட்மாஸ்டர். மார்ச்சில் இன்ஸ்பெக்ஷன், ஏப்ரலில் பரீட்சை. நான் நகர முடியாது.

"அப்பா மட்டும் அங்க இருக்கட்டும்மா. நீ சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வா."

"அவருக்கு இந்த இடத்த விட்டா மூச்சே வராதுடா."

"நீயா சொல்லாதம்மா. அவருக்கு என்ன இஷ்டம்னு பார்த்துச் சொல்லு. போறேங்கறாரா, இருக்கறேங்கறாரா? நீ எது சொன்னாலும் சரி."

அதுதான் இப்போது கேள்வி. வாய் இல்லாதவரின் விருப்பம். தப்பாக எழுதிவிடக் கூடாது.

காலை 8.45 சேலம் பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. இன்று மூன்றாவது சத்தம் இல்லை. மகனைப் பார்த்த சந்தோஷமாக இருக்கும்.

11-2-86, செவ்வாய்

ஒன்று பிடிபடுகிறது. நான் செருப்பு மாட்டும்போது சேலம் பஸ் வளைவில் ஹாரன் அடிக்கும். நேற்றும் இன்றும் ஒற்றையடிப் பாதையில் கொஞ்ச தூரம் போனதும் பின்னால் கேட்டது: "ஏ… ஊம்."

பஸ்ஸா?

காளியம்மாவுக்கு எழுத வராது. ஒரு டம்ளரும் கை நிறையக் காப்பிக் கொட்டையும் கொடுத்தேன். காலை பஸ் போன பிறகு எத்தனை தடவை அந்தச் சத்தமோ அத்தனை கொட்டை டம்ளரில்.

"ஏனுங்க டீச்சரம்மா, இதெல்லாம் டாக்டரு சொன்னதுங்களா?"

"இல்ல. நானாத்தான்."

"கொட்ட வறுத்ததுங்களா பச்சையாங்க?"

"எதா இருந்தா உனக்கென்ன?"

"வறுத்ததுன்னா வாய்ல போட்டுக்குவேனுங்க. கணக்கு தப்பிரும்."

பச்சைக் கொட்டையே கொடுத்தேன்.

14-2-86, வெள்ளி

புதன் 14. வியாழன் 11. இன்று 17.

மூன்று நாளும் பஸ் வந்தது. மூன்று நாளும் சத்தம். காளியம்மா சாட்சி: "ஆரன் அடிச்சதுக்குப் பொறவுதானுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணுமில்லீங்க."

பஸ் சத்தம் கேட்டால் கீழே சேலத்துக்குப் போக வேண்டும் என்கிறாரா? இந்த மனிதரா? சேலத்தில் ஒரு ராத்திரி தங்கினால் மறுநாள் முதல் பஸ் ஏறுகிறவர். "அங்க காக்காய விட்டா என்ன இருக்கு?" என்பார்.

ஆனால் விழுந்த பிறகு மனசு மாறலாம். பேரக் குழந்தை அங்கேதான். எனக்குப் பாரமாக இருக்கிறோம் என்று நினைக்கலாம். முதுகில் புண் வராமல் புரட்டும்போது நேற்று கண்ணை மூடிக்கொண்டார்.

இன்றைய பறவை: துடுப்புவால் கரிச்சான். கறுப்பு, வாலில் இரண்டு நீளக் கம்பி, நுனியில் துடுப்பு. மற்றப் பறவைகள் மாதிரியெல்லாம் கத்தும். அவர் குறிப்பு: "சத்தத்தை மட்டும் நம்பி மூன்று தடவை ஏமாந்தேன்." சிரித்தேன். அவரும் வாய்க்கோணலோடு சிரித்தார் என்று நினைக்கிறேன்.

16-2-86, ஞாயிறு

8.45 பஸ் வந்தது. ஹாரன் நன்றாகவே கேட்டது. சத்தம் இல்லை! பக்கத்திலேயே உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தூக்கக் கலக்கமாக இருக்கலாம்.

பதினோரு மணிக்குக் காளியம்மாவை வரச் சொல்லிவிட்டு ஏற்காடு பஜார். பருப்பு, சோப்பு, சிவப்பு மை. ஏரிக்கரை முழுக்க வெளியூர்க் கும்பல். ஒன்றரைக்கு வீடு. டம்ளரில் 9 கொட்டை.

"எப்போ?"

"நீங்க போயிச் சித்த நேரத்துலீங்க."

அந்த நேரம் எந்தப் பஸ்? டூரிஸ்ட் வண்டி ஏதாவது போயிருக்கும்.

18-2-86, செவ்வாய்

நேற்று 13, இன்று 16. போதும்.

உருவம்: நிமிர்ந்து உட்காருகிறார், முகம் ரோட்டுப் பக்கம். சத்தம்: மூன்றாவது. இடம்: ஜன்னல். நேரம்: பஸ். நான்கும் பொருந்துகிறது. ஞாயிறு மட்டும் பொருந்தவில்லை. அதற்காக எத்தனை நாள் காத்திருப்பது?

மையில் எழுதினேன்: கீழே போக விரும்புகிறார்.

எழுதிய பிறகு வருத்தமாக இருந்தது. என்னை விட்டுப் போக இவ்வளவு அவசரமா? மனசுக்குள் ஒரு நிம்மதியும் வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். ராத்திரி இரண்டு தடவை எழுந்து புரட்ட வேண்டாம் என்ற நிம்மதி.

எஸ்டேட் ஆபீஸ் போனிலிருந்து தங்கராசுவிடம் சொன்னேன். ஞாயிறு கார் கொண்டு வருகிறான்.

20-2-86, வியாழன்

இன்று கோபம். நோட்டைப் புரட்டும்போது கை தானாக அந்தத் தேதிக்குப் போயிற்று. தங்கராசு பிறந்த நாள். சேலம் ஆஸ்பத்திரியில் நான் பதினெட்டு மணி நேரம் துடித்த நாள். அவர் குறிப்பு: "மழை. செம்போத்து இரண்டு, ஆஸ்பத்திரி வேலியில்."

அவ்வளவுதான். மகன் பிறந்தான் என்று ஒரு வரி கிடையாது. முழு நோட்டையும் அவசரமாகப் புரட்டினேன். நான் எங்கும் இல்லை.

மாலைப் பாடம் சொல்லவில்லை. நோட்டை எடுக்காததைப் பார்த்து அலமாரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "த்தா," என்றார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

23-2-86, ஞாயிறு

கார் பத்து மணிக்கு. தங்கராசும் டிரைவரும் தூக்கி வைத்தார்கள். நானும் கூடப் போனேன். வளைவுகளில் தலை ஆடாமல் என் தோளில் சாய்த்துக்கொண்டேன். கல்யாணமான புதிதில் பஸ்ஸில்கூட நடுவில் பை வைத்துத்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

மாடி வீடு. முன்னறையில் கட்டில். மருமகள் சாந்தி எல்லாம் சுத்தமாக வைத்திருக்கிறாள். பேரன் தாத்தாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

மதியம் சாப்பிட்டுத் தூங்கினார். எழுப்பினால் கஷ்டம் என்று தூங்கும்போதே கிளம்பிவிட்டேன். சொல்லிக்கொள்ளவில்லை.

25-2-86, செவ்வாய்

வீட்டில் சத்தமே இல்லை. குழம்பு மூன்று நாளைக்கு வருகிறது.

காலையில் கொடியில் ஒரு பறவை உட்கார்ந்தது. "செம்மீசைச் சின்னான்," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன்.

பாதையில் போகும்போது தெரிந்தே மெதுவாக நடந்தேன். ஹாரன் அடித்தது. பின்னால் ஒன்றும் கேட்கவில்லை.

27-2-86, வியாழன்

ஆபீஸ் வாட்ச்மேன் வந்து கூப்பிட்டான். சேலம் போன்.

தங்கராசு குரல் களைத்திருந்தது. "அம்மா, காலைல கண்ணு முழிச்சதுல இருந்து தூங்கற வரைக்கும் அந்தச் சத்தம்தாம்மா. ஏ ஊம், ஏ ஊம்னு. என்ன கேக்கறாருன்னே தெரியல."

"பஸ் ஹாரன் கேக்குதா அங்க?"

"பஸ்ஸா? இந்தத் தெருவுல சைக்கிள்கூடச் சரியாப் போகாதும்மா."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"டாக்டர் ஒண்ணு கேட்டாரும்மா. அப்பா உன்னை எப்படிக் கூப்பிடுவாரு?"

"எதுக்கு?"

"தெரியல, கேட்டாரு. நான் யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். எனக்கு ஞாபகமே வரல."

கூப்பிட மாட்டார். அதுதான் பதில். பேர் சொன்னதில்லை. "ஏய்" என்றதும் இல்லை. வாசலில் நின்று தொண்டையைச் செருமுவார், நான் வெளியே வருவேன். நானும் எதிரே போய் நின்று "ஏனுங்க" என்று பேசுவேனே தவிர, தூர இருந்து கூப்பிட்டது கிடையாது. சாப்பிட அழைக்க வேண்டுமானால் பையனை அனுப்புவேன். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகள் இப்படித்தான்.

போனில் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "செருமுவாருடா," என்று மட்டும் சொன்னேன்.

1-3-86, சனி

தூறல். மண் வாசனை.

காளியம்மா தன் பாயை எடுத்துப் போக வந்தாள். காப்பி கொடுத்தேன். சேலத்துச் சேதி சொன்னேன்.

"அங்க பஸ்ஸே இல்லியாம் காளியம்மா. அப்புறம் எதுக்குக் கத்தறாரு?"

"பஸ்ஸுக்கு எதுக்குங்க கத்தோணும்? நீங்க அந்தப் பாதையில போறீங்கல்ல, அந்தப் பலா மரம் தாண்டற வரைக்கும் சும்மாதான் பார்த்துக்கிட்டிருப்பாருங்க. உங்க தல மறைஞ்சதும் ஆரம்பிச்சிருவாருங்க. சாயந்தரம் நீங்க வந்து செருப்பக் கழட்டற சத்தம் கேட்டா நிறுத்திக்குவாரு."

டம்ளர் கையிலேயே இருந்தது.

"இதை ஏன் என்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே. பஸ்ஸு போன பொறவு எத்தனன்னுதானுங்களே கேட்டீங்க. அதத்தானுங்க போட்டேன்."

அவள் மேல் தப்பில்லை. எட்டே முக்காலுக்கு இரண்டு நடந்தது. பஸ் போனது, நானும் போனேன். எனக்குக் கண்ணில் பட்டது பஸ் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை பஸ் வந்தது, நான் போகவில்லை, சத்தம் இல்லை. பஜாருக்குப் போனேன், பஸ் இல்லை, சத்தம் இருந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட விடை சொல்லியிருக்கும். ஒருவர் என்னைக் கூப்பிடக் கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே.

மாலை நோட்டை எடுத்துப் படிக்காமல் விட்ட பக்கங்களைப் பார்த்தேன். ஒரு பறவைக்கு அவரே பேர் வைத்திருக்கிறார், வளைமூக்குச் சிலம்பன் என்று. அப்படியே எழுதி வைக்கிறேன்:

"மைனா அளவு. முதுகு பழுப்பு, மார்பு வெள்ளை, கண்ணுக்கு மேல் நீள வெள்ளைப் புருவம், மஞ்சள் மூக்கு அரிவாள் மாதிரி வளைந்தது. உண்ணிப் புதர், சோலையோரம், அடர்ந்த இடம். பார்ப்பது அபூர்வம், கேட்பது தினமும். பத்து வருஷம் இதை ஒரு பறவையின் பாட்டு என்று நினைத்திருந்தேன். தப்பு. இரண்டு பறவை. முன்பாதி ஆண், பின்பாதி பெண். இடைவெளியே தெரியாது. புதருக்குள் ஒன்றை ஒன்று பார்க்க முடியாததால் இப்படி. முதலில் கூப்பிடுவது எப்போதும் ஆண். பதில் வந்ததும் நிறுத்திவிடுகிறது. பதில் வராவிட்டால் மறுபடி மறுபடி கூப்பிடுகிறது. இது பாட்டு இல்லை. இருக்கிறாயா என்று கேட்பது."

மையில் எழுதியிருக்கிறார்.

நான் மையில் எழுதியதைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

2-3-86, ஞாயிறு

ஆபீஸ் போய்த் தங்கராசுக்கு போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அவர் கூப்பிட்டா யாராவது பதில் சொல்லுங்கடா."

"சொல்லாம இருப்போமாம்மா? சாந்தி ஒவ்வொரு தடவையும் ஓடறா. என்ன மாமா, என்ன மாமான்னு. நிறுத்த மாட்டேங்கறாரு."

இன்றே கிளம்பியிருக்கலாம். நாளை இன்ஸ்பெக்ஷன். ரிஜிஸ்டர் எல்லாம் என் கையெழுத்தில். அது முடிந்ததும் செவ்வாய் முதல் பஸ் என்று தீர்மானம். ஒரு வாரம் பொறுத்தவருக்கு இன்னும் இரண்டு நாள்.

சிலம்பன் பக்கத்தின் பின்புறம் இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கிறார். நேற்று புரட்டிப் பார்க்கவில்லை.

"களத்து மேட்டு ஜோடியில் பெண்ணைப் பூனை பிடித்துவிட்டது. ஆண் விடியலிலிருந்து கூப்பிடுகிறது. நான் விசிலடித்துப் பின்பாதியைச் சொல்லிப் பார்த்தேன். ஏமாறவில்லை." அதற்குக் கீழே, "இரண்டாம் நாள். கூப்பிடுகிறது." "மூன்றாம் நாள். கூப்பிடுகிறது." "எட்டாம் நாள். குறைவு." "ஒன்பதாம் நாள். இருக்கிறது, பார்த்தேன். சத்தம் இல்லை."

அதற்குப் பிறகு அந்தப் பறவையைப் பற்றி நோட்டில் எதுவும் இல்லை.

3-3-86, திங்கள்

இன்ஸ்பெக்ஷன் நல்லபடியாக முடிந்தது. அதிகாரி பிள்ளைகளின் கையெழுத்தைப் பாராட்டினார். பூமாலை, டீ, பிஸ்கட்.

ஐந்து மணிக்கு வாட்ச்மேன். போன்.

"அம்மா, நல்ல சேதி. இன்னைக்குக் காலைல இருந்து சத்தமே இல்ல. நல்லா அடங்கிட்டாரு. பயிற்சி வேலை செய்யுதுன்னு நினைக்கறேன்."

எட்டாவது நாள் முடிந்து இன்று ஒன்பதாம் நாள். போனை வைத்துவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வாட்ச்மேன் கேட்டான், "ஏனுங்க டீச்சர், ஐயாவுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுங்களா?" இல்லை என்றேன்.

லீவு லெட்டர் எழுதி இன்னொரு டீச்சரிடம் கொடுத்தாயிற்று. எத்தனை நாள் என்ற இடத்தைக் காலியாக விட்டேன். அவள் பார்த்துவிட்டு, "பென்ஷனுக்கு இன்னும் ஒரு வருஷந்தானுங்களே அக்கா," என்றாள். தெரியும். யாருக்காக அந்தப் பென்ஷன்?

பையில்: சேலை நான்கு, மாத்திரை, நோட்டு.

4-3-86, செவ்வாய். சேலம்.

முதல் பஸ். அடிவாரம் வந்ததும் வெயில். முன்சீட்டுக் குழந்தை வாந்தி, அதன் அம்மாவுக்கு என் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தேன். வழியெல்லாம் ஒரே நினைப்பு, இருக்க வேண்டும், கூப்பிட வேண்டும்.

தெருவில் நின்று காதைக் கொடுத்தேன். மாடியில் சத்தமில்லை.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஷேவ் செய்து, புதுச் சட்டை போட்டு. என்னைப் பார்த்தார். முகத்தில் எதுவும் அசையவில்லை. இடது கையைப் பிடித்தேன். கை கொடுத்தார், பிடிக்கவில்லை. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தப்பு என்கிறார். தப்புதான்.

"தூங்கறப்ப சொல்லாமப் போயிட்டனுங்க," என்றேன். "இனிமே போக மாட்டனுங்க." திரும்பவில்லை.

ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சாந்தி வந்து மெதுவாக, "பார்த்தீங்களா அத்த, நொம்ப அமைதியாயிட்டாரு," என்றாள். நல்ல பெண். எட்டு நாள் ஓடி ஓடிக் களைத்திருக்கிறாள். அவளை என்ன சொல்ல?

எழுந்து சமையலறைக்குப் போனேன். அவர் கண்ணில் படாதபடி சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். நான் மறைந்தால் கூப்பிடுவார். கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும். அடுப்பில் பால். சாந்தி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நூறு வரை எண்ணினேன். இன்னொரு நூறு.

இல்லை.

முதலில் கூப்பிடுவது ஆண் என்று எழுதியிருக்கிறார். அந்தப் பறவைக்கு அப்படி இருக்கலாம்.

"ஏனுங்க," என்றேன். முணுமுணுப்பாகத்தான் வந்தது. சாந்தி துருவுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. பிறகு, கடைசி வரிசைப் பிள்ளைக்குக் கேட்கிற குரலில்:

"ஏனுங்க! இங்கதான் இருக்கறனுங்க. அடுப்படியில."

ஒன்றும் இல்லை. பால் பொங்கி வழிந்தது. மறுபடி கூப்பிட்டேன். மூன்றாவது தடவையும் கூப்பிட்டேன்.

முன்னறையில் நாற்காலி கிறீச்சிட்டது. அப்புறம், கரகரப்பாக, பாதி மட்டும்:

"ஏ…"

"ஊம்," என்றேன் நான்.